இழுவிசைச் சோதனையில் எஃகின் யங் குணகம் 25 கிகா பாஸ்கல் என்று வருவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 10 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. கேஜ் நீளமும் (நீட்சியை அளக்கக் குறித்த பகுதி) உள்ள குறைகார்பன் எஃகுத் துண்டு ஒன்றை யுனிவர்சல் டெஸ்டிங் மெஷினில் இழுத்து முறித்தோம். துண்டின் நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் இல்லாததால், கிராஸ்ஹெட் (துண்டை இழுக்கும், மெஷினின் நகரும் சட்டம்) நகர்ந்த தூரத்தை 50-ஆல் வகுத்துத் திரிபை (தொடக்க நீளத்தில் நீட்சியின் விகிதம்) கணக்கிட்டேன். விசை 19.6 கிலோ நியூட்டனை, அதாவது தகைவு (ஓரலகுப் பரப்பின் மீதான விசை) 250 மெகா பாஸ்கலை எட்டியபோது கிராஸ்ஹெட் 0.5 மி.மீ. நகர்ந்திருந்தது, அதன்படி யங் குணகம் (தகைவைத் திரிபால் வகுத்த மதிப்பு) 25 கிகா பாஸ்கல்தான் வருகிறது. நூல்களில் எஃகுக்கு 200 முதல் 210 வரை என்று இருக்கிறது. அதன் பிறகு விசை சற்று ஏறிச் சட்டென்று இறங்கி, சிறிது நேரம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடி, மறுபடியும் ஏறியது. துண்டில் குறையா, மெஷினில் குறையா? இந்தச் சோதனையிலிருந்து எந்த அளவுகளை நம்பி அறிக்கையில் எழுதலாம்?

மறுமொழி 1

துண்டிலும் குறை இல்லை, மெஷினிலும் குறை இல்லை; திரிபை எடுத்த இடம்தான் தவறு. 250 மெகா பாஸ்கல் தகைவில் எஃகின் மீள்திரிபு (விசையை எடுத்தால் மறையும் திரிபு) சுமார் 0.00125. ஆகவே 50 மி.மீ. நீளம் 0.0625 மி.மீ. மட்டுமே நீண்டிருக்கும். மீதமுள்ள 0.44 மி.மீ. அளவு, மெஷினின் தூண்கள், கிராஸ்ஹெட், விசையை அளக்கும் லோட் செல் ஆகியவற்றின் வளைவும் நீட்சியும், துண்டைப் பிடிக்கும் கிரிப்பின் பற்கள் துண்டுக்குள் இறங்கியதும், கேஜ் நீளத்துக்கு வெளியே உள்ள பகுதிகள் நீண்டதும் சேர்ந்து வந்தது. கிராஸ்ஹெட் நகர்ச்சி இவை அனைத்தின் கூட்டுத்தொகை என்பதால், அதில் எஃகின் பங்கு எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

மெஷினின் நெகிழ்வைக் கழித்துத் திருத்திக்கொள்ளலாமே என்று தோன்றலாம். குணகத்துக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் கேஜ் பகுதியின் விறைப்பு மி.மீ.க்குச் சுமார் 314 கிலோ நியூட்டன். மொத்த அமைப்பில் நீங்கள் அளந்ததோ மி.மீ.க்கு 39 கிலோ நியூட்டன். பெரிய நகர்ச்சியிலிருந்து கிட்டத்தட்ட அதே அளவுள்ள இன்னொரு பெரிய நகர்ச்சியைக் கழித்துச் சிறிய மிச்சத்தைத் தேடும்போது, நகர்ச்சியில் 5 சதவீதப் பிழை இருந்தால் விடையில் 40 சதவீதப் பிழை வந்து நிற்கும். கிரிப் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிப்பதும் இல்லை. யங் குணகம் வேண்டுமானால் துண்டின் மீதே எக்ஸ்டென்சோமீட்டரைப் பொருத்த வேண்டும். துண்டு இம்மியளவு சாய்ந்து பிடிபட்டாலும் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீளும் என்பதால், இரு பக்கமும் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

அதற்காகச் சோதனை வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். உச்ச விசையைத் தொடக்கக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் இழுவிசை வலிமை கிடைத்துவிடும். அதற்குத் திரிபே தேவையில்லை. உங்கள் வரைபடத்தில் விசை இறங்குவது தெளிவாகத் தெரிவதால், இளகு தகைவையும் (துண்டு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) விசையிலிருந்தே படிக்கலாம். விட்டத்தை மட்டும் மைக்ரோமீட்டரால் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில், கேஜ் நீளத்தின் பல இடங்களில் அளந்துகொள்ளுங்கள். விட்டத்தில் 1 சதவீதம் பிசகினால் தகைவில் 2 சதவீதம் பிசகும்.

மறுமொழி 2

விசை இறங்கியதைப் பற்றிக் கேள்வியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் இந்தச் சோதனையில் காணத்தக்க மிக அழகான பகுதி அதுவே. குறைகார்பன் எஃகில் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் படிகத்தின் டிஸ்லொகேஷன்களை (அணு அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள்) சுற்றிக் குவிந்து அவற்றை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிடி விடும் தகைவுதான் மேல் இளகு புள்ளி. பிடி விட்டபின் குறைந்த விசையே போதும் என்பதால் வரைபடம் கீழே இறங்குகிறது. அப்போது துண்டு முழுவதும் ஒரே சமயத்தில் இளகுவதில்லை. லூடர்ஸ் பட்டைகள் எனப்படும் இளகிய பகுதிகள் ஓரிடத்தில் தோன்றி நீளவாக்கில் பரவுகின்றன. மெருகேற்றிய தட்டைத் துண்டில் சாய்வான கோடுகளாக இவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவை துண்டைக் கடந்து முடிக்கும் வரை விசை ஒரே மட்டத்தில் ஓடும். பிறகே திரிபுக் கடினமாதல் (நீள நீளக் கூடுதல் விசை தேவைப்படுவது) தொடங்கும்.

மேல் இளகு புள்ளி, துண்டு நேராகப் பிடிக்கப்பட்டதா, எவ்வளவு வேகமாக இழுக்கப்பட்டது, மெஷின் எவ்வளவு விறைப்பானது என்பதையெல்லாம் பொறுத்து மாறும். நெகிழ்வு மிகுந்த மெஷினில் அந்த இறக்கம் மழுங்கியே தெரியும். கீழ் இளகு புள்ளி அவ்வளவு அலைவதில்லை. ஆனால் அதைப் படிக்கும்போது, விசை முதலில் விழும் கணத்தில் வரும் நிலையற்ற தாழ்வை விட்டுவிட்டு, அதன் பின்னுள்ள மிகக் குறைந்த மதிப்பையே எடுக்க வேண்டும்.

வேகத்தையும் அறிக்கையில் எழுதுங்கள். உலோக இழுவிசைச் சோதனைக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 6892-1-இன் முதல் முறையில் மேல் இளகு புள்ளிக்குரிய திரிபு வீதம் வினாடிக்கு 0.00025. இணைநீளம் (துண்டின் சீரான விட்டமுள்ள பகுதியின் நீளம்) 60 மி.மீ. என்றால் அது நிமிடத்துக்கு 0.9 மி.மீ. கிராஸ்ஹெட் வேகம். அவசரமாக இழுத்தால் இளகு தகைவு உயர்ந்தே காட்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தொடர்ந்து இரண்டு ஐயங்கள். குளிர்நிலையில் இழுத்த எஃகுக் கம்பியும் எங்களிடம் உள்ளது. அதன் வரைபடத்தில் இறக்கமே இல்லை, மென்மையாக வளைகிறது. இத்தகைய எஃகில் இளகு தகைவைக் காண, நேர்ப்பகுதிக்கு இணையாக 0.2 சதவீதத் திரிபு தள்ளி வரையும் கோட்டைக் கிராஸ்ஹெட் வரைபடத்திலேயே வரையலாமா? மேலும், முறிவுக்குப் பின் நீட்சியை 50 மி.மீ. நீளத்துக்கு அளப்பதற்கும் 100 மி.மீ. நீளத்துக்கு அளப்பதற்கும் விடை ஏன் மாறுகிறது?

மறுமொழி 3

முதல் ஐயத்துக்கு: 200 கிகா பாஸ்கல் சாய்வில் ஒரு கோட்டை எடுத்து உங்கள் கிராஸ்ஹெட் வரைபடத்தின் மேல் ஒருபோதும் வரைந்துவிடாதீர்கள். 25 கிகா பாஸ்கல் சாய்வுள்ள வரைபடத்தை அது சுமார் 57 மெகா பாஸ்கலிலேயே வெட்டிவிடும். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. வரைபடத்தின் சொந்த நேர்ப்பகுதிக்கு இணையாக, 0.1 மி.மீ. (50 மி.மீ.யில் 0.2 சதவீதம்) தள்ளி வரைந்தால் தோராயமான மதிப்பு கிடைக்கும், ஏனெனில் மெஷினின் மீள்நெகிழ்வு இரு கோடுகளிலும் ஒரே அளவில் அடங்கிவிடுகிறது. எனினும் கிரிப் வழுக்கினாலும் தொடக்கத்தில் வரைபடம் வளைந்திருந்தாலும் 0.1 மி.மீ. என்னும் சிறிய அளவு அதில் கரைந்துபோகும். ஆகவே ஒப்பீட்டுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் எழுதும் புரூஃப் தகைவுக்கு (இந்தக் கோடு வரைபடத்தை வெட்டும் தகைவு) எக்ஸ்டென்சோமீட்டர் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது: உச்ச விசை வரை துண்டு சீராக நீள்கிறது, அதன் பிறகு ஓரிடத்தில் கழுத்துபோல் ஒடுங்கி, நீட்சி முழுவதும் அங்கேயே நடக்கிறது. சீரான நீட்சி 18 சதவீதம், கழுத்தில் மட்டும் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. நீளத்தில் மொத்தம் 14 மி.மீ., அதாவது 28 சதவீதம், 100 மி.மீ. நீளத்தில் 23 மி.மீ., அதாவது 23 சதவீதம். எஃகு ஒன்றே, எண்கள் இரண்டு. இதனால்தான் ஐ.எஸ்.ஓ. முறையில் கேஜ் நீளத்தைப் பரப்பின் வர்க்கமூலத்தைப் போல் 5.65 மடங்காக, அதாவது வட்டத் துண்டுக்கு விட்டத்தின் 5 மடங்காக வைக்கிறார்கள். அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். இ8 முறையின் வட்டத் துண்டில் அது 4 மடங்கு. இரண்டு சான்றிதழ்களை ஒப்பிடும் முன் இதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

அளக்கும்போது முறிந்த இரு பகுதிகளையும் ஒரே அச்சில் வருமாறு நன்றாகப் பொருத்திப் பிடித்து, முன்பே இட்ட குறிகளுக்கு இடையேயான தூரத்தை எடுங்கள். முறிவு ஒரு குறிக்கு மிக அருகில் நிகழ்ந்திருந்தால் கழுத்தின் ஒரு பகுதி கேஜ் நீளத்துக்கு வெளியே போய்விடுவதால் நீட்சி குறைவாகக் காட்டும். அதைத் தவிர்க்க, இழுப்பதற்கு முன்பே துண்டின் நீளம் முழுவதும் 5 மி.மீ. இடைவெளியில் மெல்லிய கோடுகள் இட்டுவிடுங்கள். ஆழமாகக் கீறினால் முறிவு அங்கேயே தொடங்கக்கூடும்.