ஒய்பிசிஓ சாம்பிள்: சுழிப் புலத்தருகே வரும் பெரிய சிக்னல் கருவிக் கோளாறா?

கயல்:
எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்காக ஒய்பிசிஓ (யிட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு, மின்தடையின்றிக் கடத்தும் மீக்கடத்தி) பெல்லட் செய்து, 77 கெல்வினில் எக்ஸ்-பேண்ட் மைக்ரோவேவில் இயங்கும் இ.எஸ்.ஆர். (எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு) கருவியில் வைத்தேன். 3200 காஸ் (காந்தப்புல அலகு) பக்கம் தாமிரக் கோடு சின்னதாகத் தெரிகிறது. ஆனால் ஸ்கேன் தொடங்கும் இடத்தில், சுழிப் புலத்தை (காந்தப்புலம் பூஜ்யமாகும் இடத்தை) ஒட்டி, திரையைத் தாண்டிப் போகும் அளவுக்கு ஒரு சிக்னல். லேபில் கருவிக் கோளாறு என்கிறார்கள். அதை வெட்டிவிட்டு ரிப்போர்ட் எழுதலாமா?

குளிர்மணி:
தயவுசெய்து வெட்டாதீர்கள், கயல். உங்கள் மீக்கடத்தி பேசுவது அந்த இடத்தில்தான். 3200 காஸ் கோடு பெரும்பாலும் கலப்படமாக வரும் பச்சை நிற ஒய்2பிஏசியுஓ5-இன் வேலை. நல்ல ஒய்பிசிஓ அங்கே ஏறக்குறைய மௌனமாகவே இருக்கும்.

பெல்லட்டில் நுண்படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகள் பலவீனமான ஜோசப்சன் சந்திகள் (இரு மீக்கடத்திகளை இணைக்கும் மெல்லிய இணைப்புகள்). சில காஸ் புலமே அவற்றைத் தளர்த்திவிடும், உடனே மைக்ரோவேவ் இழப்பு ஏறும். அதாவது உறிஞ்சல் சுழியில் மிகக் குறைவு, இருபுறமும் அதிகம். சாதாரண இ.எஸ்.ஆர். கோட்டில் நடுவில்தான் உச்சம். அதனால் இரண்டின் கட்டமும் (ஃபேஸ்) நேரெதிராக, ஒன்று மற்றதன் தலைகீழாக இருக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் எஸ்.வி. பட், கங்குலி, டி.வி. ராமகிருஷ்ணன், சி.என்.ஆர். ராவ் ஆகியோர் 1987-லேயே ஒய்பிசிஓ-வில் இந்த உறிஞ்சலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதைத் தேடிப் படியுங்கள், உங்கள் லேபிலும் காட்டுங்கள்.

ஸ்கேனை சுழியில் தொடங்கினால் பாதிதான் கிடைக்கும். மின்காந்தத்தில் எஞ்சிய புலம் வேறு இருக்கும். ஒரு சின்ன ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் (சீரான புலம் தரும் இரட்டைக் கம்பிச்சுருள்) வைத்து மைனஸ் புலத்திலிருந்து ப்ளஸ் வரை போங்கள், அப்புறம் திரும்பி வாருங்கள். இரண்டு பாதையும் ஒன்றாகப் படியாது. அந்த விலகலையும் பதிவு செய்யுங்கள்.

தென்றல்:
சார், பெல்லட்டைப் பொடித்து மெழுகில் கலந்து பார்த்தால்?

குளிர்மணி:
அவசியம் பார்க்க வேண்டியது, தம்பி. மணிகள் பிரிந்தால் அவற்றுக்கு இடையிலான சந்திகள் போய்விடும். சிக்னல் எவ்வளவு மாறுகிறதோ அதை வைத்து எல்லைகளின் பங்கை ஊகிக்கலாம்.

கயல்:
மிக்க நன்றி சார். மெதுவாகச் சூடேற்றினேன், 90 கெல்வினைத் தாண்டியதும் சிக்னல் மறைந்துவிட்டது! தாமிரக் கோடு அப்படியே நிற்கிறது. சிக்னல் இவ்வளவு பெரிதாக இருப்பதால் சாம்பிள் முழுக்க மீக்கடத்தி என்று எழுதலாமா?

குளிர்மணி:
அருமை! மீக்கடத்தல் போனதும் சிக்னலும் போயிற்று, ஆக அது கருவிக் கோளாறு அல்ல. ஆனால் முழுக்க மீக்கடத்தி என்று எழுதாதீர்கள். மிகச் சிறு அளவு மீக்கடத்திப் பொருள் இருந்தாலே இந்த முறை பிடித்துவிடும், அதுதான் இதன் பலம். எத்தனை சதவீதம் என்பதற்குக் காந்த ஏற்புத்திறன் (சஸ்செப்டிபிலிட்டி) அளவீடு வேண்டும்.