ஐஸ்லாந்தில் வாடகைக் கார்: காற்றில் மடங்கிய கதவும் எக்ஸஸ் காப்பீடும்

இலண்டனில் வசிக்கும் நாங்கள் குடும்பத்தோடு ஒரு வாரம் ஐஸ்லாந்து சென்றிருந்தபோது, கெஃப்லாவிக் விமான நிலையத்தில் கார் எடுத்து, தென்கரை வழியாக ஹோஃப்ன் வரை ஓட்டிச் சென்று திரும்பினோம். வாடகையிலேயே சிடிடபிள்யூ என்னும் அடிப்படைக் காப்பு சேர்ந்திருந்தது. ஆனாலும் கார் சேதமடைந்தால் முதல் 3,50,000 குரோனா வரை, அதாவது ஏறத்தாழ 2,000 பவுண்டு வரை, எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தம் கூறியது. இந்தத் தொகையைத்தான் எக்ஸஸ் என்கிறார்கள். அதைக் குறைக்க வாடகை நிறுவனம் நாள்தோறும் கேட்ட கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு வார வாடகையில் பாதியை நெருங்கியது. ஆகவே பிரிட்டனிலேயே வேறொரு நிறுவனத்திடம், அதில் கால்பங்குகூட ஆகாத விலையில், நாங்கள் கட்ட நேரும் தொகையைத் திருப்பித் தரும் தனி எக்ஸஸ் காப்பீடு வாங்கியிருந்தேன்.

வாங்குவதற்கு முன் விதிகளை முழுதாகப் படித்தேன். ஐஸ்லாந்தில் பலத்த காற்று கார்க் கதவைப் பிடுங்கி மடக்குவது அடிக்கடி நடப்பது. அந்தச் சேதத்தை அடிப்படைக் காப்பு பெரும்பாலும் ஏற்பதில்லை. அப்படியானால் முழுச் செலவும் ஓட்டுநர் தலையில் விழும். எக்ஸஸ் என்ற உச்சவரம்புக்கே அங்கு வேலையில்லை. எனவே காற்றால் கதவு சேதமடைந்தாலும், மணலும் எரிமலைச் சாம்பலும் வண்ணப்பூச்சைச் சுரண்டினாலும் உங்கள் காப்பீடு பணம் தருமா என்று அந்தப் பிரிட்டன் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டேன். கதவுக்குத் தருவோம், மணலுக்கும் சாம்பலுக்கும் தரமாட்டோம் என்று எழுத்தில் பதில் வந்தது. அந்த ஒரு மின்னஞ்சல்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

கார் எடுக்கும் கவுன்டரில் இருந்த பெண், வெளியில் வாங்கிய காப்பீடு இங்கே செல்லாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காப்பீடு எனக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். வாடகை நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை. சேதம் என்றால் முதலில் நாம் நம் கிரெடிட் கார்டில் பணம் கட்ட வேண்டும். பிறகுதான் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். ஆகவே எக்ஸஸ் முழுவதையும் கார்டில் முடக்கி வைத்தார்கள். மணல், சாம்பலுக்கான காப்பை மட்டும் அங்கேயே வாங்கிக்கொண்டேன். வீக் ஊருக்குக் கிழக்கே சாலை கரும்மணல் வெளிகளின் ஊடே செல்வதால் அந்தச் செலவு நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன்.

மூன்றாம் நாள் ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரை வாகன நிறுத்துமிடத்தில், பின்பக்கத்திலிருந்து காற்று வீசும்படி காரை நிறுத்திவிட்டேன். காரின் முகம் காற்றை நோக்கி இருந்தால் காற்று கதவை மூடும் பக்கமாகவே தள்ளும். பின்னாலிருந்து வீசினால் கதவைப் பாய்மரம்போல் விரித்துவிடும். மகள் முன்கதவைத் திறந்த கணத்தில் அது அவள் கையை உதறிக்கொண்டு முன்னோக்கி மடங்கியது. கீல் வளைந்து, முன்சக்கரத்தின் மேல்தகடும் நசுங்கியது. அவளுக்குக் காயமில்லை என்று தெரிந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. உடனே வாடகை நிறுவனத்தை அழைத்துச் சொன்னேன்; கதவு, கீல், எண் பலகை, கார் நின்ற இடம் அனைத்தையும் படம் எடுத்தேன்.

காரை ஒப்படைத்தபோது 2,90,000 குரோனா கார்டிலிருந்து எடுக்கப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, பணம் கட்டியதற்கான சான்று, ஓட்டுநர் உரிம நகல் ஆகியவற்றோடு பழுதுக்கான விவரமான பில்லும் கேட்டது. என்னிடமிருந்த ரசீதிலோ ஒரே வரியில் மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. உதிரிப்பாகம், கூலி, கார் ஓடாமல் நின்ற நாட்களுக்கான இழப்பு, அலுவலகக் கட்டணம் எனத் தனித்தனியாகப் பிரித்த பில்லைப் பெற நான்கு முறை எழுத வேண்டியிருந்தது. காரை விட்டு வரும்போதே, முழு பில் எந்த நாளில், யாரிடமிருந்து வரும் என்று எழுதி வாங்கியிருந்தால் ஒரு மாத அலைச்சல் தவிர்ந்திருக்கும்.

காற்றுச் சேதம் விதிவிலக்கு என்று முதலில் மறுத்த காப்பீட்டு நிறுவனத்தார், அவர்களுடைய மின்னஞ்சலையே நான் திருப்பி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். அலுவலகக் கட்டணமும், கார்டு நிறுவனம் எடுத்த அந்நியச் செலாவணிக் கட்டணமும் நீங்கலாக எல்லாம் ஒன்பதாவது வாரத்தில் வந்து சேர்ந்தது.

கோயம்புத்தூரிலிருந்து அடுத்த ஆண்டு அங்கே செல்லவிருக்கும் என் மைத்துனர் இதே காப்பீட்டை வாங்க விரும்பினார். பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அது செல்லும் என்ற வரியைக் காட்டி, அவரைத் தடுத்துவிட்டேன். அவர் வாடகை நிறுவனத்திடமே, காற்றால் வரும் கதவுச் சேதம் அடங்கியதா என்று எழுத்தில் கேட்டு, அவர்களுடைய முழுக் காப்பை எடுக்கிறார்.