துருக்கிப் பாட்டில் வரும் ‘கரா செவ்தா’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். துருக்கிப் பாடகர் நெஷெத் எர்தாஷ் (1938–2012) பாடியவை போன்ற அனதோலிய (துருக்கியின் ஆசியப் பகுதி) நாட்டுப்பாடல்களைத் தமிழாக்கிப் பார்க்கிறேன். ‘கரா செவ்தா’ என்ற சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஆளையே தின்றுவிடும் காதல். ‘கரா’ என்றால் கருப்பு. ‘செவ்தா’வின் மூலம் கரும்பித்தத்தைக் குறிக்கும் அரபுச் சொல்; மனச்சோர்வுக்குக் காரணம் என்று பழைய மருத்துவம் கருதிய உடல்நீர் அது. நம் ‘பித்து’ம் பித்தத்தோடு ஒட்டியதுதானே! கண்டதும் சிலிர்த்துவிட்டது. ஆனால் ‘பித்து’ என்று மட்டும் எழுதினால் அந்தக் கருமை போய்விடுகிறது. ‘காதல் நோய்’ குறளுக்குள் இழுத்துப்போகிறது.

இன்னொன்று, ‘குர்பான் ஒலாம்’: உனக்கு நானே பலியாகிறேன் என்ற உருக்கம். ‘பலி’ என்றாலே தமிழில் கிடா வெட்டு நினைவு வருகிறது. உங்கள் ஊர்ப் பேச்சிலோ தெம்மாங்கிலோ இதற்கு ஈடான சொல் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். துருக்கி மொழி தெரிந்தவர்கள் என் புரிதலையும் திருத்துங்கள்.