மோரிஸ் மைனரும் அதில் முன்பு கைவைத்தவர்களும்: அனுபவப் பகிர்வு

தொடங்கியவர் (மோரிஸ் மைனர் 1000, 1965)

என்னிடம் இருப்பது 1965-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. 1098 சிசி எஞ்சின், நான்கு கதவு. பதினோரு ஆண்டுகளாக அதன் வேலைகள் அனைத்தையும் வீட்டில் நானே பார்த்துக்கொள்கிறேன். பழைய பிரிட்டிஷ் கார் என்றதும் எண்ணெய் ஒழுகும், ஒயரிங் கைவிடும், மழையில் நின்றுவிடும் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் நிறைய உண்டு. அந்தக் குறைகளில் பாதிக்கு மேல் வண்டியோடு பிறந்தவை அல்ல என்பது என் எண்ணம். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த இந்த வண்டி பதினாறு லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது; பிறவிக் கோளாறு அவ்வளவு இருந்திருந்தால் அத்தனை பேர் வாங்கியிருக்க மாட்டார்கள். அறுபது ஆண்டுகளாக எத்தனையோ பேர் கைவைத்து, ஆளுக்கொரு விதமாகச் செய்துவைத்த வேலைகள்தாம் இன்று நம்மிடம் பழுதாக வந்து சேருகின்றன. அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்த கதையை முதலில் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

சென்ற ஆண்டு என் வண்டிக்கு ஒரு விசித்திரமான மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது) வந்தது. ஐடிலிங்கில் கடிகாரம்போல் ஓடியது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் குறையின்றி இழுத்தது. சமதரையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், கால் லேசாகப் பதிந்திருக்கும்போது மட்டும் திக்கித் திக்கி ஓடியது. பெட்ரோல் ஒழுங்காக வரவில்லை என்று முடிவுகட்டி, முதலில் பெட்ரோலை இழுத்துத் தரும் எஸ்யூ மின்பம்பைத் திறந்து அதன் பாயிண்ட்டுகளை (மின் தொடுமுனைகளை) சுத்தம் செய்தேன். அதன் டிக் டிக் ஓசை அதற்கு முன்பும் சீராகத்தான் இருந்தது. அடுத்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் கைவைத்தேன். எஸ்யூ கார்புரேட்டரில் கலவையைச் சோதிக்க மிக எளிய வழி ஒன்று உண்டு. அடியிலுள்ள முளையை அழுத்தி கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தும்போது, எஞ்சின் வேகம் கணநேரம் ஏறித் தணிந்தால் கலவை சரி. ஏறிய வேகம் இறங்காமலே இருந்தால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. என் வண்டியில் கலவை மிகச் சரியாக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும், கை சும்மா இருக்காமல், கலவையை மாற்றும் ஜெட் நட்டைத் திருப்பினேன். மிஸ்ஸிங் போகவில்லை, பிளக்குகளில் கரி படிந்ததுதான் மிச்சம்.

இரண்டு வாரம் வண்டியைத் தொடாமல் விட்டபோதுதான் புத்தி வேலை செய்தது. ஐடிலிங்கிலும் இல்லை, முழு மிதியிலும் இல்லை, இடைப்பட்ட நிலையில் மட்டும் வருகிறதென்றால், அந்த இடைப்பட்ட நிலையில் மட்டும் எது அசைகிறது? பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் அட்வான்ஸ். கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயில் உறிஞ்சுவிசை ஏற்படும்போது, பாயிண்ட் பொருத்தப்பட்ட தட்டு சற்றுச் சுழன்று, தீப்பொறியை முன்கூட்டியே வரவைக்கிறது. ஐடிலிங்கில் அந்தக் குழாயின் துளையைத் திராட்டில் தட்டு மறைத்துக்கொள்கிறது. முழுவதும் மிதித்தாலோ உறிஞ்சுவிசையே அற்றுப்போகிறது. ஆகவே பாயிண்ட் தட்டு அசைவது நடுவில் மட்டுந்தான். அந்த அசையும் தட்டை எர்த்தோடு இணைப்பது ஒரு சிறிய ஒயர். இழுபட்டு வளைந்துகொண்டே இருக்க வேண்டியதால், அதைத் தலைமுடிபோன்ற மிக நுண்ணிய இழைகளால் செய்து, தொய்வாக விட்டிருப்பார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சினை நிறுத்தி, மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தட்டிலும் மறுமுனையை டிஸ்ட்ரிபியூட்டரின் வெளிக்கூட்டின் மீதும் வைத்துக்கொண்டு, வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினேன். (இதைவிட மரியாதையான கருவிகள் விற்கின்றன; வாய் இலவசம்.) தட்டு அசைந்தது, பூச்சியத்தை ஒட்டியிருந்த மின்தடை எங்கோ தாவியது. உள்ளே பார்த்தால், நுண்ணிழை ஒயருக்குப் பதிலாக, வீட்டு ஒயரிங்கில் போடும் விறைப்பான நீல ஒயர் ஒன்று அழகாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. மேலுறை முழுதாக இருந்தது. உள்ளே செம்பு முறிந்திருந்தது. உரிய ஒயரைப் போட்டதும் மிஸ்ஸிங் அன்றே நின்றது. பாயிண்ட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்து, நான் கெடுத்த கலவையை மறுபடி சரிசெய்ய இன்னொரு நாள் ஆயிற்று. அந்த நீல ஒயரைப் போட்ட புண்ணியவானை நான் அன்று திட்டியதை இங்கே எழுத இயலாது.

உறுப்பினர் (ட்ரையம்ஃப் ஹெரால்ட் 13/60)

ஐயா, உங்களுக்கு முந்தையவர் அலட்சியக்காரர் என்று தோன்றுகிறது. எனக்கு முந்தையவரோ மிகுந்த அக்கறையுள்ளவர். ஆபத்து அந்த அக்கறையில்தான் இருந்தது. வண்டியோடு அவர் பராமரிப்புக் குறிப்பேட்டையும் கொடுத்தார். ஆண்டுக்கு இருமுறை தவறாமல் 'முன்சக்கர ட்ரன்னியனுக்குக் கிரீஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்கான மனிதரிடம் வாங்கினோமே என்று மகிழ்ந்தேன்.

உங்கள் மைனரிலும் கீழ்ப்புறத்தில் ட்ரன்னியன் (முன்சக்கரம் திரும்ப இடம்தரும் மூட்டு) உண்டு. அதற்குக் கிரீஸ்தான் போட வேண்டும், போடாமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். ட்ரையம்ஃபில் அப்படியில்லை. வெண்கலத்தாலான ட்ரன்னியனுக்குள் எஃகுத் தண்டின் மரை இறங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழல்கிறது. அதற்குக் கியர் எண்ணெய், இ.பி. 90 வகை, செலுத்த வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடு தெளிவாகச் சொல்கிறது. கிரீஸ் அந்த மரை நெடுகிலும் பரவாமல் ஓரிடத்தில் இறுகி, எண்ணெய்க்கும் வழிவிடாமல் அடைத்துக்கொள்கிறது. நீர் மட்டும் எப்படியோ உள்ளே இறங்கி அடியில் தங்கிவிடுகிறது. நான் கழற்றியபோது வாய்ப்பகுதியில் புதுக் கிரீஸ் பளபளத்தது. அதற்குக் கீழே தண்டின் மரை துருவேறி அரித்துக் கிடந்தது. பெரும்பாலும் மெதுவாக, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போதுதான் அது முறியும் என்பார்கள். சுமார் 25 அடி விட்டத்தில் திரும்பிவிடும் வண்டி இது என்பதால், அந்தத் திறமையைக் காட்டிக்கொள்ளும் ஆசை எல்லா ஹெரால்ட்காரர்களுக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. இரண்டு தண்டுகளையும் இரண்டு ட்ரன்னியன்களையும் மாற்றிய பிறகே வண்டியை வெளியே எடுத்தேன்.

உறுப்பினர் (எம்ஜி டிடி, 1952)

என் அனுபவம் மரையைப் பற்றியது. இந்த வண்டியின் எக்ஸ்பிஏஜி எஞ்சினில், பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பேனர் பொருந்தும் தலையும் மெட்ரிக் மரையும் கொண்ட போல்ட்டுகள் இருக்கும். கேட்பவர் நம்பமாட்டார்கள், காரணம் வரலாற்றில் இருக்கிறது. கவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் நடத்திய எஞ்சின் தொழிற்சாலையை 1923-இல் எம்ஜியின் தாய்நிறுவனமான மோரிஸ் வாங்கியபோது, அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவையாக இருந்தன. மரையை அப்படியே விட்டு, பிரிட்டிஷ் மெக்கானிக்குகளின் பெட்டியிலிருந்த ஸ்பேனருக்கு ஏற்பத் தலையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அந்த வழக்கம் முப்பது ஆண்டுக்குப் பின் என் எஞ்சின் வரை வந்து நிற்கிறது.

இது தெரியாத யாரோ ஒருவர், எஞ்சின் மூடி ஒன்றில், 8 மில்லிமீட்டர் போல்ட் இருக்க வேண்டிய துளையில் 5/16 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவு மரை) போல்ட்டைத் திருகியிருந்தார். அதன் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மரை இடைவெளி மெட்ரிக் போல்ட்டுக்கு 1 மில்லிமீட்டர், யுஎன்எஃப் போல்ட்டுக்கு 1.06. முதல் சில சுற்றுகள் விரலாலேயே இறங்கும், பிறகு இறுகும், இறுகுவதைச் சரியான இறுக்கம் என்று நினைத்து நீண்ட பிடியால் ஒரு தம் கட்டினால் துளையின் மரை போய்விடும். அந்த மூடியின் ஓரத்தில் வருடக்கணக்கில் எண்ணெய் கசிந்ததற்குக் காரணம் கேஸ்கெட் அன்று, இந்த ஒரு போல்ட். நான் இரண்டு முறை கேஸ்கெட்டை மாற்றிய பிறகே இதைக் கண்டேன். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, சுருள்கம்பிச் செருகல் வைத்து, பழைய மரையை மீட்டேன். இப்போதெல்லாம் மரை அளக்கும் சீப்பு இல்லாமல் ஒரு போல்ட்டையும் தொடுவதில்லை.

உறுப்பினர் (மோரிஸ் மைனர் டிராவலர்)

முந்தையவர்களை எல்லோரும் திட்டுவதால், அவர்கள் சார்பில் ஒன்று சொல்லவேண்டும். பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் ஓட்டுநர் காலடியில் தரைவிரிப்புக்குக் கீழே சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை இழுத்தால், முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும். அந்த டார்ஷன் பாரைத் தளர்த்தி விலக்க ஒரு முழு நாள் வேண்டும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, வண்டியை உறுதியான தாங்கிகளில் ஏற்றிக் கீழே படுத்தேன். எனக்கு முன் அந்தச் சிலிண்டரைக் கழற்றிய யாரோ ஒருவர், மறுபடி பொருத்தும்போது போல்ட்டுகளைத் திசை மாற்றிச் செருகியிருந்தார். நட்டுகளைக் கழற்றியதும் அவை மறுபுறமாகத் தடையின்றி வெளியே வந்துவிட்டன. அரை மணி நேரத்தில் சிலிண்டர் கையில் இருந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நன்றி சொல்லியிருப்பேன்.

தொடங்கிய ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்த நீல ஒயரைப் போட்டவர் யாரென்று தெரிந்ததா? பற்றவைத்தது அழகாக இருந்தது என்கிறீர்களே, கைப்பழக்கம் உள்ளவர்போல் தெரிகிறது.

தொடங்கியவர்

தாங்கள் கேட்ட பிறகுதான் தேடினேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து வேலைகளைக் குறித்துவைக்கும் நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய பக்கம் ஒன்றில், பாயிண்ட்டும் கண்டென்சரும் மாற்றியதற்குக் கீழே இப்படி இருக்கிறது: 'எர்த் ஒயர் நைந்துவிட்டது. வீட்டிலிருந்த நல்ல கனமான நீல ஒயர் போட்டுப் பற்றவைத்தேன். இனி அறாது.'

கையெழுத்து என்னுடையது. அதே பக்கத்தில், மழை பெய்ததால் அன்று வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். உரிய ஒயர் மூன்று வாங்கி, ஒன்றை வண்டியின் கையுறைப் பெட்டியில் போட்டுவைத்திருக்கிறேன். ஹெரால்ட் நண்பரின் பதிவைப் படித்த பிறகு, என் குறிப்பேட்டில் 'கிரீஸ்', 'எண்ணெய்' என்று வரும் இடங்களையெல்லாம் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது நான்காம் ஆண்டில் இருக்கிறேன்.