புதுப்பிப்பு: பசறை வெயிலும் எங்கள் கோழிகளும்

இலங்கையில் பதுளைப் பக்கம் இருக்கிற எங்கள் பசறையில் மத்தியானமானால் கோழிகள் வாயைப் பிளந்து இளைக்குது, முட்டை ஓடும் மெல்லிசாகுது, என்ன செய்யலாம் என்று போன கிழமை கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. இப்போது பரவாயில்லை.

நல்லா வேலை செய்தது கூரைதான். தகரத்தின் மேல் மானாப்புல்லை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் கயிறு போட்டுக் கட்டினோம். முன்பு உச்சி வெயிலில் தகரத்தில் கை வைக்க முடியாது. இப்போது உள்ளே தலையை விட்டாலே வித்தியாசம் தெரியுது. மலைநாட்டில் குளிருக்குப் பயந்து கூட்டைச் சுற்றி உரபேக் அடிப்போமே, அதைப் பகலில் சுருட்டிக் கட்டிவிட்டு இரவில் இறக்கிவிடுகிறேன். கம்பி வலை அப்படியே இருக்கு, மரநாய்த் தொல்லை சும்மா விடுமா!

கூட்டுக்குள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார் ஒருத்தர். நான் தெளிக்கவில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். காற்றோட்டமில்லாத கூட்டில் ஈரம் கூடினால் அதுவும் எடுபடாது. பதிலுக்குக் கொய்யா மர நிழலில் அகலச் சட்டியில் தண்ணீர் வைத்தேன். குடித்துவிட்டு அதிலேயே காலை நனைத்துக்கொண்டு நிற்குதுகள்.

ஓடு மெலிவதற்கும் இளைப்புதான் காரணம்: இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, ஓட்டுக்குச் சுண்ணாம்பு சரியாகச் சேராது. தீனியை விடியலுக்கும் அந்திக்கும் மாற்றி, சிப்பித்தூளைத் தனிச் சிரட்டையில் வைத்திருக்கிறேன். ஓடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருது.

கழுத்தில் இறகில்லாத பேடு மட்டும் எந்த வெயிலுக்கும் அசரவில்லை. அடுத்த அடைக்கு அதன் முட்டைதான்.