கச்சேரிப் படத்தில் பாஸ் எனும் அடி ஒலியே கேட்கவில்லை. தப்பு தியேட்டரிலா, படத்திலா?

இரவுத்தாளம்:

பிரிட்டனின் மின்னணு நடன இசை இரட்டையரான கெமிக்கல் பிரதர்ஸின் 'டோன்ட் திங்க்' என்ற கச்சேரிப் படத்தைப் பெரிய திரையில் ஒரே ஒரு காட்சி போட்டார்கள். 2011-இல் ஜப்பானின் ஃபூஜி ராக் விழாவில் அவர்கள் வாசித்ததை ஆடம் ஸ்மித் படமாக்கியது. அவர்களை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் அமையவில்லை. எந்தப் பாட்டு எங்கே ஏறும், எங்கே உடையும் என்பதெல்லாம் ஹெட்போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். அதனால் சினிமாவுக்குப் போகிற மனநிலையில் நான் போகவில்லை, கச்சேரிக்குத்தான் போனேன்.

விளம்பரங்கள் ஓடியபோது சத்தம் காதைப் பிளந்தது. படம் தொடங்கியதும் அப்படியே அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஏற்றுவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். 'ஹே பாய் ஹே கேர்ள்' பாட்டு வந்தது. இசை ஏறிக்கொண்டே போய் அடி விழப்போகிற நேரம் வரும் பாருங்கள், அதற்காக உள்ளங்கையை நாற்காலிக் கையில் அழுத்தி வைத்துக் காத்திருந்தேன். அடி விழுந்தது காதுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. அதே நொடியில் பின்வரிசையில் ஒருவர் வண்டியை எந்தத் தளத்தில் விட்டோம் என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது! திரையில் அத்தனை பெரிய கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறது, அவர்களைக் குதிக்க வைப்பது எதுவோ அது எங்களுக்கு வந்து சேரவே இல்லை.

வெளிச்சமும் அப்படித்தான். மின்னல் போல வெட்டி வெட்டி எரியும் ஸ்ட்ரோப் விளக்குகள் அடிக்கிற இடமெல்லாம் வெளிறிய சாம்பல் நிறமாகத் தெரிந்தன. படிக்கட்டு விளக்குகள் கடைசி வரை அணையவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்தார், யாரும் கூடச் சேரவில்லை, உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவர் சரியான காரியத்தைத்தான் செய்தார்.

இது தியேட்டரின் தப்பா, அல்லது படத்தின் ஒலிக்கலவையே இப்படித்தானா? சினிமா ஸ்பீக்கர்களுக்கு இந்த இசை பொருந்தாதா? வேறொரு கச்சேரிப் படம் வந்தால் போகலாமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஆபரேட்டர்:

விளம்பரம் சத்தமாக இருந்தது, படம் மெல்லக் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. பல வருடம் புரொஜக்ஷன் அறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

தியேட்டரின் ஒலிப் பிராசசரில் சத்தத்தை ஏற்றி இறக்க 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு ஃபேடர் இருக்கும். அதில் 7 என்பது அளவுகோல். படத்துக்கு ஒலி கலக்கும் கூடத்தையும் அதே 7-க்குத்தான் சரிசெய்து வைத்திருப்பார்கள். 7-இல் ஓட்டினால் கலந்தவர் கேட்ட அதே அளவு உங்களுக்கும் கேட்க வேண்டும். ஆனால் விளம்பரங்களையும் டிரெய்லர்களையும் ரொம்பச் சத்தமாகத் தயாரிப்பதால், புகார் வராமல் இருக்க ஃபேடரை 4.5 போல இறக்கி வைப்பார்கள். படம் தொடங்கும்போது மறுபடி ஏற்ற வேண்டும். தினசரி படங்களுக்கு அந்தக் கட்டளை பிளேலிஸ்ட்டிலேயே இருக்கும். ஒரே ஒரு காட்சி ஓடுகிற படத்துக்கு அதைப் போட மறந்துவிடுவது சகஜம். அங்கே நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபேடரில் 4-க்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 3.3 டெசிபல் வித்தியாசம். 7-இலிருந்து 4.5-க்கு வந்தால் எட்டு டெசிபலுக்கு மேல் போய்விடும். வசனப் படத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் இசைக்கு அது பெரிய அடி. சத்தம் குறையும்போது நம் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி இழப்பதில்லை, அடி ஒலிகளைத்தான் முதலில் இழக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். காலால் அடிக்கிற பெரிய டிரம்மான கிக் டிரம்மின் உயிர் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அது மெலிந்தால் மிச்சம் இருப்பது தட்டுகிற சத்தம்தான்.

அப்புறம், தியேட்டர்களில் பயன்படும் 5.1 என்ற பலதட ஒலியில் அடி ஒலிக்கென்றே ஒரு தனித்தடம் உண்டு. மற்ற தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்க அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே சினிமா ஸ்பீக்கருக்கு இந்த இசை வராது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒழுங்காகப் பராமரிக்கிற தியேட்டரின் சப்வூஃபர்கள், அதாவது அடி ஒலிக்கான ஸ்பீக்கர்கள், உங்கள் நாற்காலியையே நடுங்க வைக்கும்.

நீலஅலை:

ஆபரேட்டர் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒலியைச் சரிசெய்தாலும் பாதிக் குறை அப்படியே இருக்கும்.

ஸ்ட்ரோப் சாம்பலாகத் தெரிந்ததற்குத் தியேட்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. கச்சேரியில் அந்த விளக்கு உங்கள் கண்ணையே பார்த்து அடிக்கிறது. டிஜிட்டல் சினிமாத் திரையில் வெள்ளைக்கு வைத்திருக்கும் தர அளவே 48 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது பிரகாசத்தின் அலகு), சாதாரண போன் திரைகூட அதைவிடப் பல மடங்கு பிரகாசம். போதாததற்குப் படம் நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) ஓடுகிறது. ஸ்ட்ரோபின் ஒரு மின்னல் அதைவிட மிகக் குறுகியது. பல டிஜிட்டல் கேமராக்கள் ஒரு சட்டத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் பதிவதால், மின்னல் சட்டத்தின் பாதியில் மட்டும் விழுந்து மீதி இருட்டாகிவிடுவதும் உண்டு.

சில கலைஞர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஜெர்மனியின் மின்னணு இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் அசையாமல் நிற்பார்கள், பின்னால் முப்பரிமாணக் காட்சி ஓடும், பார்வையாளர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். 2012-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் எட்டு இரவு, எட்டு ஆல்பம் என்று வாசித்தார்களே, அந்த மேடையே கிட்டத்தட்ட ஒரு திரையரங்குதான். பிரெஞ்சு மின்னணு இசை இரட்டையர் டாஃப்ட் பங்க் நேர் எதிர். 2006-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் முதலில் காட்டிய அந்தப் பிரமிடு மேடைக் கச்சேரியை முழுநீளப் படமாக வெளியிடவே இல்லை, 2007-இல் ஒலிப்பதிவு மட்டும்தான் வந்தது. எனக்கு அது ஏமாற்றம்தான், ஆனால் சரியான முடிவு என்றும் தோன்றுகிறது.

இருந்தாலும் 'டோன்ட் திங்க்' படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். ஆடம் ஸ்மித் பல வருடமாக அவர்களுடைய மேடைக் காட்சிகளை உருவாக்கி வந்தவர். கேமரா மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து போய் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே, நேரில் போயிருந்தால் அந்த முகங்கள் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

மூன்றாம்வரிசை:

சுருக்கமாக ஒன்று. முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்து வெளியே போய்ச் சொல்லிவிட வேண்டும். 'சத்தம் குறைவு' என்று சொன்னால் ஒரு புள்ளி ஏற்றிவிட்டுப் போவார்கள். 'ஃபேடர் எந்த எண்ணில் இருக்கிறது, 7-க்குக் கொண்டு வர முடியுமா' என்று கேளுங்கள், விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள். படிக்கட்டு விளக்கு பாதுகாப்புக்காக எரிவது, அதை அணைக்கச் சொல்ல முடியாது. இருக்கை நடுவில், பின்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் எடுங்கள். அப்புறம், அந்தப் பெண் அடுத்த தடவை எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள்.

இரவுத்தாளம்:

எல்லோருக்கும் நன்றி. கட்டாயம் எழுவேன். தியேட்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபரேட்டர் ஐயா, ஒரே ஒரு சந்தேகம். ஃபேடர் சரியாக இருந்து சப்வூஃபர் மட்டும் பழுதாகியிருக்கவும் வாய்ப்பு உண்டா? இருக்கையில் உட்கார்ந்தபடி அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பழைய ஆபரேட்டர்:

முடியும். சப்வூஃபர் மட்டும் போயிருந்தால் குரலும் சின்தசைசர் ஒலியும் நல்ல சத்தத்தில் இருக்கும், அடி ஒலி மட்டும் வெறுமையாக இருக்கும். ஃபேடர் இறங்கியிருந்தால் எல்லாமே சேர்ந்து அடங்கும். பின்வரிசைப் பேச்சு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது என்கிறீர்கள், அதனால் ஃபேடரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மின்னஞ்சலில் காட்சி நேரத்தையும் திரை எண்ணையும் மறக்காமல் போடுங்கள். அன்றைக்குப் படம் எந்த அளவில் ஓடியது என்று பிளேலிஸ்ட்டைப் பார்த்து அவர்களால் சொல்ல முடியும்.