இருவர் உள்ளே, ஒருவர் வெளியே

பறவைகளைப் படமெடுக்க, அவற்றின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் மறைவுக்குள் பொறுமையாக உட்காருவது பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சிக்கல் வந்ததோ உள்ளே நுழைவதில்.

தில்லி–ஹரியானா எல்லையில் இருக்கிற நஜஃப்கர் ஏரிக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வரும். கரையோரக் கோதுமை வயல்களில் இளம்பயிரை மேயும். ஒரு விவசாயியிடம் அனுமதி கேட்டு, வரப்பில் கோணியும் நாணலும் வைத்து மறைவு கட்டினேன். "எல்லோரும் விரட்ட ஆள் தேடுகிறோம், நீங்கள் ஒளிந்து பார்க்கிறீர்களா?" என்று சிரித்தார். இரண்டு நாள் அதை அப்படியே விட்டோம், பறவைகளுக்குப் பழக வேண்டுமே.

விடியுமுன் உள்ளே போய்விடுவதுதான் திட்டம். தில்லி ராமகிருஷ்ணபுரத்திலிருந்து மைத்துனனும் நானும் கிளம்பியபோதே மூடுபனி. போய்ச் சேர்வதற்குள் வெளுத்துவிட்டது. நாற்பது ஐம்பது வாத்துகள் ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் சற்றுத் தள்ளிப் போய்க் கழுத்தை நிமிர்த்தி நின்றன.

இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம். ஐந்து நிமிடம் கழித்து மைத்துனன் மட்டும் வெளியே வந்து, நன்றாகத் தெரியும்படி வரப்போடு நடந்து போனான். பழைய தந்திரம்தான். ஆள் போய்விட்டான் என்று அவை முடிவு கட்டிவிட்டன போலும்; கால் மணி நேரத்தில் தலைகள் தாழ்ந்தன.

ஒன்று மட்டும் குனியவே இல்லை. காவல்காரன். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு, லென்ஸையே பார்த்தபடி நின்றது. அது திரும்பும்போது மட்டும் லென்ஸை விரல் அளவு நகர்த்தினேன். மூச்சுப்பட்டு வியூஃபைண்டர் மங்க, மூக்குவரை மஃப்ளரை ஏற்றிக்கொண்டேன். பனியில் படம் கறுத்தது, எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) கூட்டினேன். வெயில் வந்ததும் அந்த வெள்ளைத் தலை வெளிறிப்போக, குறைத்தேன். பத்து மணிக்குமேல் கானல் அலையில் எந்தப் படமும் கூர்மையாக விழவில்லை.

படம் முடிந்தது, ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. கோணிக்குள்ளிருந்து மனிதன் முளைப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த மறைவை அவை மறுபடி நம்பாது. முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். மைத்துனன் வரப்பில் வருவதைக் கண்டு அவை கத்திக்கொண்டே ஏரிப்பக்கம் பறந்த பிறகே வெளியே வந்தேன். கால் மரத்துப்போயிருந்தது.

"எத்தனை தேறும், அத்தான்?"

ஒன்று. அலகோரத்தில் கோதுமைத்தாள் தொங்க, காவல்காரன் கடைசியாகக் குனிந்து நிமிர்ந்த படம்.